மேற்கு முனை பார்க்கவில்லை

என் வேலை போனதற்கு ஒரு பெண்தான் காரணம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது, "முன்னாடி மைன்ஸ் ஆபீஸ்லதானே இருந்தீங்க, ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள். நான் மறுப்பதில்லை. மறுத்தால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். முழுக்கதையில் நான் அவ்வளவு நல்லவனாக வரமாட்டேன். பல வருஷம் ஆகிவிட்டது, இனி சொன்னால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெண்ணின் பெயரை எழுதப்போவதில்லை. சுரங்கத்தில் எல்லோரும் அவரை டெய்லரக்கா என்று கூப்பிட்டார்கள். தையலுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் இஞ்ச் டேப் தொங்கும், அதனால் வந்த பெயர். மண்மேட்டில் விரிசல் கண்டால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி எவ்வளவு தூரம் என்று அந்த டேப்பால் அளப்பார். அடுத்த வாரம் போய் அதே குச்சிகளை மறுபடி அளப்பார். விரிசல் வளர்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். கம்பெனி கொடுத்த இரும்பு டேப் வெயிலில் கையைச் சுடுகிறது என்று, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தையல் சாமான் விற்கும் கடையில் அவரே காசு போட்டு வாங்கியது அது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். எங்கள் பக்கத்தில் அதற்கு மைன்ஸ் என்றுதான் பெயர். கல் உடனே கிடைத்துவிடாது. மேலே இருக்கும் மண்ணையும் களியையும் தோண்டி எடுத்து ஓரமாகக் கொட்ட வேண்டும். டிப்பர் லாரிகள் கொட்டிக் கொட்டி அது ஒரு குன்றாகவே ஆகிவிடும். டம்ப் என்போம். பார்க்கச் சாதுவாகத்தான் கிடக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் ஓரம் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். அதனால் வாரத்துக்கு ஒரு முறையும், மழை பெய்தால் மறுநாளும், தகுதியுள்ள ஒருவர் டம்பைச் சுற்றிப் பார்த்து, கண்டதை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சர்வே பிரிவில் இருந்த டெய்லரக்காவுக்கு இந்தச் சுற்றிப் பார்க்கும் வேலை கொடுக்கப்பட்டிருந்தது.

நான் அந்த ஆபீசில் கிளார்க். எல்லா ரிஜிஸ்டரும் என் பீரோவில். அவர் வருவதற்கு முன்பு டம்ப் ரிஜிஸ்டரை எழுதியதும் நான்தான். ஒரு மாதத்து வேலையை ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவேன். பேனாவை மாற்றி மாற்றி எழுதுவேன். நடுவில் ஒரு நாளுக்கு எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்குவேன், நின்றுகொண்டு எழுதியது மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தில் டீ கிளாஸை வைத்து வட்டம் பதித்தால் ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு அதில் ஒரு தனி நம்பிக்கை. கையெழுத்துப் போட வேண்டியவர் கடைசியில் வந்து வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார். இதைத் தப்பு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆடிட்டுக்கு முன்னால் வெள்ளையடிப்பது போல இதுவும் ஒரு வேலை. ரிஜிஸ்டரை ஆடிட்டர்களைத் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்று நான் நம்பியிருந்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவர் என் மேஜைக்கு வந்தார். பெண்கள் அளவில் சேஃப்டி ஷூ ஸ்டோரில் இல்லை. ஆண்கள் ஷூவுக்குள் பழைய துணியைத் திணித்துப் போட்டிருந்ததால் நடை டக் டக் என்று கேட்கும். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை. சட்டைப்பையில் பேனா, கையில் ரிஜிஸ்டர்.

"சார், போன மாசம் பூரா மேற்படி மேற்படின்னு எழுதிருக்கே. மேற்படின்னா என்னாங்க சார்?"

"மேல எழுதுன மாதிரியேதாம்மா. மாற்றம் ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"மாற்றம் இல்லன்னு யாரு போயிப் பாத்தாங்க?"

நான் பீரோவில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த ரிஜிஸ்டரில் ஒரு மேற்படி கூடக் கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் முழுசாக எழுதுவார்.

அந்தக் கட்டங்களில் ஒன்றுதான் எங்களுக்கெல்லாம் சிரிப்பு. ரிஜிஸ்டர் அச்சடிக்கப்பட்டதே நிலக்கரிச் சுரங்கங்களுக்காக. நிலக்கரிக் கழிவு மேடு உள்ளுக்குள் தானே சூடேறிப் புகையுமாம், சில சமயம் தீயே பிடிக்குமாம். அதனால் 'புகை அல்லது தீ உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. ஹெட் ஆபீஸில் மலிவாகக் கிடைத்தது என்று மூட்டையாக வாங்கி எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் மண் நெருப்பில் போட்டாலும் எரியாது. நான் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவேன். அவர் டம்பை முழுசாகச் சுற்றி வந்துதான் 'புகை இல்லை' என்று எழுதுவார்.

"ஏம்மா, இந்த மண்ணு எங்கயாவது புகையுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புகையாதுங்க சார். ஆனா கட்டம் கேக்குதுல்ல. கேட்டதுக்குப் பாத்துத்தானே பதில் சொல்லணும்."

ஒரு தை மாதத்தில் அந்தக் கட்டத்தில் 'புகை உண்டு' என்று எழுதிவிட்டார். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முழுவதையும் படித்தால், 'தென்கிழக்கு அடிவாரம். புகை உண்டு. காரணம்: மக்காச்சோளம் சுட்டது. ஆட்கள் மூன்று பேர். தண்ணீர் ஊற்றி அணைத்தாயிற்று. எனக்கும் ஒரு கதிர் கொடுத்தார்கள்' என்று இருந்தது. மேனேஜர் இதில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். "சோளத்துல ஏன்யா என் கையெழுத்து?" என்று என்னிடம் சீறினார். ஆபீசே ஒரு வாரம் சிரித்தது. டெய்லரக்காவுக்கு மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. பின்னால் அவர் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே அந்தக் கட்டத்துக்கு நிஜமாகவே வேலை இருந்திருக்கும்.

இருவருக்கும் வீடு பெரம்பலூரில்தான். அவருக்குச் சொந்த ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில். குடும்பத்தில் களையெடுக்கப் போகாமல் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். கணவர் கோயம்புத்தூரில் மில்லில் இருந்தார். இவரும் ஒரே மகளும் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகை வீட்டில். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் எங்கள் உலகமே பஸ்தான். அரியலூர் வரை ஒரே பஸ்ஸில் போவோம், அங்கிருந்து கம்பெனி வேன். அப்படிப் போகும்போதுதான் இந்தக் குணம் ஆபீசுக்காகப் போட்டுக்கொண்ட வேஷம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

"ராத்திரி உங்க பக்கம் மழையா?" என்று கேட்டால், "தெரியலீங்க சார். தூங்கிட்டேன். காலைல வாசல் நனைஞ்சிருந்திச்சு" என்பார். மழை என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை இதனால் ஒரு கல்யாணமே நின்றது. அடுத்த வீட்டுப் பையனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் தெருவில் விசாரிக்க வந்து இவரிடம், பையன் குடிப்பானா என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு ஊர் உலகத்தில் என்ன பதில் உண்டோ அதைச் சொல்ல வேண்டியதுதானே? இவர், "குடிச்சு நான் பாத்ததில்லீங்க. குடிக்க மாட்டான்னு சொல்றதுக்கும் நான் கூடவே இருந்து பாத்ததில்ல" என்றிருக்கிறார். அவர்கள் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் அதன் பிறகு இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தப் பையன் தங்கமான பையங்க சார்" என்று பஸ்ஸில் வருத்தப்பட்டார்.

"அதச் சொல்லியிருக்கலாமேம்மா!"

"அத அவங்க கேக்கலியே."

எனக்கு அவரைப் பிடிக்கும். அதை மறைப்பானேன்? அத்தனை பொய் எழுதியவனுக்கு, பொய் எழுதத் தெரியாத ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவது நன்றாகத்தான் இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. இப்படி இருந்தால் இவர் எப்படிப் பிழைப்பார் என்ற பயம்.

பயந்தது போலவே வந்தது. டம்பின் தெற்குச் சரிவுக்குப் போகும் பாதையை யாரோ முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். இவர் அன்றைக்கு, 'தெற்குச் சரிவு பார்க்கவில்லை. வழியில் முள்' என்று எழுதிவிட்டார். பார்த்ததை எழுதலாம். பார்க்காததை விட்டுவிடலாம், அல்லது எங்களைப் போல பார்த்ததாக எழுதலாம். பார்க்கவில்லை என்று எவராவது கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்களா? மேனேஜர் ரிஜிஸ்டரை மேஜையில் ஓங்கி வைத்தார்.

"பாக்கலேன்னா பேசாம இருக்க வேண்டியதுதானே? இது நம்ம மேல நாமளே புகார் எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கு!"

"பாக்காததையும் எழுதினாத்தானே சார், பாத்தேன்னு எழுதறதுக்கு மதிப்பு?"

பதிலுக்கு ஒரு மெமோ வந்தது. சில மாதம் கழித்து, வெடி வைக்கும் நேரம் என்று மேலே விடாததால் இன்னொரு 'பார்க்கவில்லை'. அதற்கும் ஒரு மெமோ. அந்த மெமோவை டைப் அடித்தது நான்தான். இன்னும் ஒரு முறை ரிஜிஸ்டரில் இப்படிக் கண்டால் அவருடைய வேலை நிரந்தரம் ஆகாது என்பது அதன் கடைசி வரி. ஒப்பந்தத்தில் இருந்தவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அப்போதுதான் ஹெட் ஆபீசுக்குப் போயிருந்தது. அந்த வேலையை வைத்துத்தான் பெரம்பலூர் வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். இதைத் தெரிந்துவைத்திருந்ததுதான் கடைசியில் வினையாயிற்று.

ஐப்பசி மாதம். இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் வெறித்தது. டம்பின் நடுவிலும் கிழக்கிலும் ஏறிப் பார்த்துவிட்டு அவர் இறங்கி வரும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல் ஏறி வகுப்பிலேயே மயங்கிவிட்டாள். மேனேஜர் அரியலூரில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. டெய்லரக்கா சேறு அப்பிய ஷூவோடு ஆபீசுக்குள் வந்து, நின்றபடியே ரிஜிஸ்டரில் எழுதினார். வாசல் பக்கம் ஆஜர் புத்தகத்துக்கு அருகே அதை வைத்தார். அவருக்கு எப்போதும் அந்த இடம்தான், பீரோவுக்குள் வைக்கவே மாட்டார்.

"சார், போயிட்டு வரேன். மேனேஜர் சார் வந்தா சொல்லிடுங்க. காலைல மொத வேலையா மேற்கு முனையைப் பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மாலை ஐந்து மணிக்கு நான் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். புதுத் தாளின் முதல் பதிவு. கிழக்கு, நடு எல்லாம் விவரமாக இருந்தது. கீழே, 'மேற்கு முனை பார்க்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல், மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். நான் வந்து பார்க்கும் வரை அங்கே மண் கொட்ட வேண்டாம்.'

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெட் ஆபீஸிலிருந்து ஆடிட். மூன்றாவது 'பார்க்கவில்லை', அதுவும் அனுமதி இல்லாமல் பாதியில் போய்விட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஃபைலில் கையெழுத்துப் போடப்போகிறவர்களே அதைப் படிக்கப்போகிறார்கள். இந்தப் பெண்ணுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை, நாமாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிளேடை எடுத்து அந்தத் தாளை நூல் வரைக்கும் வெட்டி எடுத்தேன். பக்க எண் அச்சடிக்காத ரிஜிஸ்டர், சந்தேகமே வராது. அடுத்த தாளில் அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கிழக்கும் நடுவும் அவர் எழுதியது எழுதியபடியே. கடைசியில் மட்டும், 'மேற்கு முனை பார்த்தேன். விரிசல் இல்லை. நீர் தேங்கவில்லை. புகை இல்லை.' அவருடைய கையெழுத்தையும் போட்டேன். ரிஜிஸ்டரை இருந்த இடத்திலேயே வைத்தேன். வெட்டிய தாளைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு அவருக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தடுப்பார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

மறுநாள் நான் ஒன்பது மணிக்கு வேனை விட்டு இறங்கியபோது ஆபீஸ் வாசலில் கூட்டம். காலை ஆறு மணி ஷிப்டில் வந்த ஒரு டிப்பர் டிரைவர், மேற்கு முனையில் மண் கொட்ட லாரியைப் பின்னால் எடுத்திருக்கிறார். ஓரம் அப்படியே உட்கார்ந்து, லாரியும் அவருமாகச் சரிந்து விழுந்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, கால்தான் நசுங்கிவிட்டது என்றார்கள்.

டெய்லரக்கா எனக்கு முந்திய வேனில் வந்துவிட்டிருந்தார். ஆஜர் புத்தகத்துக்குப் பக்கத்தில் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. மேனேஜர் அதை விரலால் குத்திக் குத்திக் கத்திக்கொண்டிருந்தார்.

"பாத்தேன், விரிசல் இல்லேன்னு எழுதிருக்கே. எங்க போயிப் பாத்தே? வூட்டுல இருந்தா?"

"இது நான் எழுதலீங்க சார். பாக்கலன்னு எழுதிட்டுத்தான் போனேன்."

"அப்ப நீ எழுதுன பக்கம் எங்க?"

டெய்லரக்கா ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். தாள்கள் தைத்திருந்த இடுக்கில் விரலை வைத்துத் தடவினார். பிறகு அந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்தார். பஸ்ஸில் உட்கார்ந்து நான் குறுக்கெழுத்துப் போடுவதைத் தினமும் பார்ப்பவர் அவர். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் ரிஜிஸ்டரை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மத்தியானத்துக்குள் மைன்ஸ் முழுக்க ஒரே பேச்சு. அரிச்சந்திரனுக்கு அக்கா மாதிரி பேசினாளே, மாட்டினதும் புளுகிறாள் பார் என்றார்கள். அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள், வேலைக்கு வேறு போக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து ஆபீஸ் சார்பில் பழம் வாங்கிக்கொண்டு அந்த டிரைவரைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், உக்காருங்க" என்று சிரிக்க வேறு செய்தார்.

"பாத்துப் போயிருக்கக் கூடாதா தம்பி?" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"பாத்துட்டுத்தான் சார் போனேன். காலைல ஆஜர் போட்டதும் பக்கத்து நோட்டையும் பாப்போம். நான்தான் மத்தவங்களுக்கும் சேத்துப் படிப்பேன். டெய்லரக்கா பாத்தேன்னு எழுதிருந்தா ஓரம் வரைக்கும் வண்டிய வுடுவோம். பாக்கலன்னு எழுதிருந்தா சூப்பர்வைசர் கத்தினாக்கூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். ரெண்டு தடவ அப்புடித்தான் வேற பக்கம் கொட்டுனோம்."

ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆபீசில் அத்தனை வருஷம் இருந்தும் ஆறு மணி ஷிப்ட் எப்படி ஆரம்பிக்கிறது என்று நான் ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை. படிக்க ஆளே இல்லை என்று நான் நினைத்த ரிஜிஸ்டரை, தினமும் காலையில் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள்.

"கால் போனதுகூடப் பரவாயில்ல சார்" என்றார் அவர். "அவங்க பாக்காமலே பாத்தேன்னு எழுதுவாங்கன்னு நான் நெனக்கவே இல்ல. அதான் சார் ஆற மாட்டேங்குது."

நான் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் பின்னால் ஒருநாள் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று வரைக்கும் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அடுத்த வாரம் விசாரணை. ஹெட் ஆபீஸிலிருந்து வயதான ஓர் அதிகாரி வந்திருந்தார். மீட்டிங் ஹாலில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் டெய்லரக்கா, மேஜையின் முனையில் நான். வாக்குமூலத்தைச் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குவது கிளார்க் வேலை. அன்றைக்குத்தான் முதன்முறையாக அவரைக் கழுத்தில் டேப் இல்லாமல் பார்த்தேன்.

"இது உங்க எழுத்து இல்லன்னா வேற யாரோடதும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் எழுதலீங்க சார். அது எனக்குத் தெரியும். யாரு எழுதுனாங்கன்னு நான் பாக்கல."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா? எழுத்தைப் பாத்தா யாருன்னு தோணுது?"

என் பேனா தாளின் மேல் நின்றது. எதிரில் ரிஜிஸ்டர், என் கையின் கீழே நான் எழுதிக்கொண்டிருந்த தாள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தோணறத வச்சு ஒருத்தர் பேரச் சொல்ல மாட்டேன் சார். நான் பாக்கல."

அதிகாரிக்கு அவர் மேல் இரக்கம்தான். "இத பாரும்மா, நான் எழுதலன்னு மட்டும் சொன்னா நிக்காது. பக்கத்தக் காணோம், சாட்சி இல்ல. வேலை போறதோட முடியாது, சர்வே லைசென்ஸையும் எடுத்துடுவாங்க. அப்புறம் எந்த மைன்ஸ்லயும் நீ ஏற முடியாது. யோசிச்சுச் சொல்லு."

"பாக்கலீங்க சார்" என்றார் அவர். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

'யார் எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை' என்று எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன். அதோடு என் வேலை முடிந்தது. தாளை நீட்டியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார், நானும் அடுத்த நாள் அதே பஸ்ஸில் வேலைக்கு வந்திருப்பேன். கை நிற்கவில்லை. அதற்குக் கீழேயே, 'மேற்படி பதிவை எழுதியது இந்த ஆபீஸ் கிளார்க். இப்போது இதை எழுதிக்கொண்டிருப்பவன்' என்று எழுதி, தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது நான் சொன்னது இல்லியே சார்" என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்னம்மா அது?"

"கடைசியா இருக்கறது நான் சொல்லலீங்க சார். மத்ததெல்லாம் சரியா இருக்கு." என் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கீழே கையெழுத்துப் போட்டார். தாளை அதிகாரியிடம் கொடுக்காமல் என் முன்னால் வைத்தார்.

"நான் சொல்லாதது என் பேப்பர்ல இருக்கக் கூடாது சார். நீங்க சொல்றதா இருந்தா தனித் தாள்ல எழுதுங்க. இல்லன்னா வுட்டுடுங்க."

தனித் தாள் எடுத்தேன். அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தேதி போட்டேன், பெயர் எழுதினேன். பிறகு, 'அந்த அம்மாவின் வேலை பறிபோய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்' என்று ஆரம்பித்தேன். மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்திலேயே பேனாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நாற்காலியை விட்டு எழுந்த அவர், நின்றபடி அந்த வரியைப் படித்தார்.

"என்ன பண்ணீங்களோ அத மட்டும் எழுதுங்க சார்" என்றார் மெதுவாக. "எதுக்குப் பண்ணீங்கன்னு எழுத வேணாம். அது எனக்குத் தெரியும்."

கண்ணால் பார்க்காத ஒன்றைத் தெரியும் என்று அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் அந்த வரியை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.